நாற்காலிப் பக்கமிருந்து வந்த சொல்

மிஸ்பான் மாமா ஒரு விருந்தாளியிடம் "குடிங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எடுத்துக்குங்க" என்பார். "சூடா இருக்கு" என்பார். "வச்சிருக்கேன், பாருங்க" என்பார். அந்த ஒரு சொல் வரும்போது மட்டும், தெருவில் அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பியைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விடுவார்.

தெற்கு ஈராக்கில் எங்கள் ஊர் அமாரா. அதன் வேன் நிலையத்தில் அவருக்கு ஒரு டீக்கடை. மிஸ்பான் கடையில் டீ கிடைக்கும், உபசாரம் கிடைக்காது என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். வீட்டில் நஷ்மியா மாமியும் விடமாட்டார். மகள் பேரை வைத்து "அபூ ஷதா", ஷதாவின் அப்பா, என்றுதான் அவரைக் கூப்பிடுவார்.

"வாயில மீன் முள்ளா மாட்டியிருக்கு, அபூ ஷதா? ஒரு வார்த்தை குடிங்கன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அதான் கையில குடுத்துட்டேனே. காதுலயா ஊத்திக்கப் போறாங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். மாமா சிரிக்கமாட்டார் என்பதை நான் சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறேன். காரணம் போன கோடையில்தான் தெரிந்தது.

டீக்கடை போடுவதற்கு முன்னால் அவர் நாற்காலி வீட்டில் வேலை பார்த்தார். அங்கே சமையல்கட்டில் இருந்தார் என்றுதான் ஊருக்குத் தெரியும். டைக்ரிஸ் ஆற்றங்கரையில் மஞ்சள் செங்கல்லில் ஒரு பேரீச்சை வியாபாரி கட்டிய வீடு அது. அவர் பிள்ளைகள் பங்குக்காக அடித்துக்கொண்டதில் அரசாங்கம் உள்ளே புகுந்து, பிறகு தெற்குப் பகுதிக்கான ஜனாதிபதி அலுவலகமாக ஆக்கியது. ஜனாதிபதி பாக்தாதில் இருந்தார். இங்கே அவருடைய நாற்காலி இருந்தது. ஒருமுறை வந்து உட்கார்ந்தார் என்பவர்கள் உண்டு. வந்தது அவரைப் போல இன்னொருவர் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர்களும் உண்டு. மற்றபடி அது காலியாகவேதான் இருந்தது. அதன் பக்கத்தில் தாழ்வான ஒரு மேசை போட்டு, செயலாளர் உஸ்தாத் லுவை என்பவர் மனுக்காரர்களைப் பார்ப்பார். மனுக்காரர்கள் எதிரே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். காலி நாற்காலியானாலும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

மாமா அந்த அறையில் காபி ஊற்றுகிறவர். இடது கையில் மூக்குக் கெண்டி, வலது கையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பிடியில்லாக் கிண்ணங்கள். முதல் கிண்ணத்தை நாற்காலிக்கு முன்னால் வைக்க வேண்டும். அதன் பிறகு லுவை, அதன் பிறகு வந்தவர்கள். மாலையில் அறை காலியானதும் நாற்காலியின் காபியை, ஏடு கட்டிப்போய் ஆறினதை, மாமாவே நின்றபடி குடித்துவிடுவார். "ஜனாதிபதி குடிக்க வேண்டியதையெல்லாம் நான்தான் குடிச்சேன், அதான் எனக்கு வயித்துப் புண்" என்று பிற்பாடு சொல்வார். அது ஒன்றுதான் அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்ன வேடிக்கை.

ஆட்சி விழுந்த வாரத்தில் ஊரே அந்த வீட்டுக்குள் போனது. கதவுகள் போயின, குழாய்கள் போயின, சுவருக்குள் இருந்த ஒயரைக்கூட நரம்பை உருவுவதுபோல உருவிக்கொண்டு போனார்கள். மாமா போகவில்லை. பிறகு வீடில்லாத குடும்பங்கள் அங்கே அடுப்பு மூட்டின. பிறகு ஒரு கட்சிக் கொடி பறந்தது. பிறகு வௌவால்.

அதை அருங்காட்சியகமாக ஆக்க சுஹாத் அம்மையார் வந்தபோது, பொருட்களுக்கு விளக்கம் எழுத என்னை வேலைக்கு எடுத்தார். யார் எதை வைத்திருந்தாலும் கொண்டுவாருங்கள், எப்படிக் கிடைத்தது என்று கேட்கமாட்டோம் என்று அவர் அறிவித்தார். பொருட்கள் கழுதை வண்டியில் திரும்பி வந்தன. ஒரு தேக்குக் கதவு எருமைத் தொழுவத்திலிருந்து வந்தது, அடிப்பாகம் முழுக்கச் சாணக் கறையோடு. நாற்காலி ஒரு சலூனிலிருந்து வந்தது. தலை சாய்க்கும் பலகை மாட்ட அதன் முதுகில் துளை போட்டிருந்தார்கள். கொடுக்க மனமில்லாமல் கொடுத்த பார்பர் சொன்னார்: "இதுல உட்கார்ந்தவன் எவனும் காதோரம் கொஞ்சம் விட்டு வெட்டுங்கன்னு கேட்டதே இல்லைய்யா. நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவான்."

கடைசியாக வந்தது அந்தப் படம். அலுவலகப் படக்காரர் ஒருவரின் விதவை, பிஸ்கட் டப்பாவில் நெகட்டிவ்களைக் கொண்டுவந்து கொடுத்தார். சுஹாத் அம்மையார் அதில் ஒன்றை எடுத்துச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னார். நடுவில் காலி நாற்காலி. மேசையில் லுவை. எதிரே குனிந்த தலைகளின் வரிசை. வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், கெண்டியைப் பிடித்த ஒரு இடது கை. கை மட்டும். மணிக்கட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று நீலப் புள்ளிகள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நிறையப் பேருக்கு அப்படிப் பச்சை குத்தியிருக்கும், சுளுக்குப் பிடிக்காமல் இருக்க. ஆனால் நடுப்புள்ளி, ஊசி வழுக்கிப்போய், வால் முளைத்த தவளைக்குஞ்சு மாதிரி இருப்பது ஒரே கையில்தான். அந்தக் கையிலிருந்து நான் எத்தனையோ டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். மாமா டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவதை நிறுத்தவில்லை. அந்தப் பெஞ்சில் யார் யார் இருக்கிறார்கள், முகம் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை, எல்லோரும் குனிந்திருக்கிறார்கள் என்றேன்.

"அந்தக் கையை வெட்டிட முடியுமா?"

நான் விழித்தேன்.

"படத்துலதான்" என்றார்.

அன்று மத்தியான வெயிலில் வேன் நிலையம் அடங்கிய பிறகு, கடைப் படுதாவை இறக்கிவிட்டு அவர் எனக்குச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் எதையாவது கேட்டு வந்தவர், ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். வீட்டுக்காரர் "உங்க காபியைக் குடிங்க" என்றால், கேட்டது கிடைத்துவிட்டது. பெண் கேட்பதும் அப்படித்தான், கொலைப்பழிக்குச் சமாதானம் கேட்பதும் அப்படித்தான். சொன்ன பிறகு மாற்றுவது கிடையாது. நாற்காலி வீட்டில் யாரும் அப்படி வைத்ததில்லை. கொடுத்ததைப் பயந்து மடக்கென்று குடித்துவிடுவார்கள். ஒரு நாள் ஒருவர் வைத்தார். அவருடைய அண்ணனை, பள்ளிக்கூட வாத்தியாரை, பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். அண்ணன் மனைவி கர்ப்பமாக இருந்தாள். அந்த மனிதர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தரையில் வைத்தார். லுவை பதில் சொல்லவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நாற்காலியின் அருகே நின்றிருந்த மாமாவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"உங்க காபியைக் குடிங்க."

தலை குனிந்திருந்தவருக்கு அது எங்கிருந்து வந்ததாகக் கேட்டிருக்கும்? நாற்காலிப் பக்கமிருந்து. அவர் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். லுவை மாமாவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "கேட்டுச்சுல்ல? போங்க" என்றார்.

அந்த மனிதர் வீட்டுக்குப் போய் ஆடு அறுத்து ஊருக்குச் சோறு போட்டார். பாக்தாதில் தாய்வழிச் சொந்தத்தில் ஒரு பெரிய அதிகாரி இருந்தாராம். மறுநாள் அவரைப் பார்க்கப் போவதற்கு வண்டிகூட ஏற்பாடு செய்திருந்தாராம். வாக்குக் கிடைத்துவிட்டதே என்று போகவில்லை. அண்ணன் வரவேயில்லை. எலும்பாகத்தான், ஆட்சி விழுந்த பிறகு, பாலைவனத்தில் ஒரு குழியிலிருந்து கிடைத்தார்.

"ஏன் மாமா சொன்னீங்க?"

"தெரியலடா" என்று சொல்லிவிட்டுப் படுதாவை மேலே சுருட்டினார்.

சுருட்டி முடித்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். மகள் ஷதாவைப் பெண் கேட்டு வரப்போகிறவர்கள் அந்த மனிதரின் வீட்டார்தான். பையன் முஹன்னத், அன்று வயிற்றில் இருந்த பிள்ளை. கேட்டு வரப்போகிற பெரியவர், அவனுடைய சித்தப்பா ஹாஜி சாசிப், கிண்ணத்தை வைத்தவர். இதுவரை பேச்செல்லாம் பெண்கள் வழியாகவே நடந்தது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு மாமாவும் ஹாஜியும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. வாத்தியார் தாகிலின் மகன் என்று மாமி சொன்ன அன்றுதான் மாமாவுக்கு விளங்கியிருக்கிறது.

ஷதாவும் முஹன்னத்தும் ஒரே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி. இரண்டு வரன்களை மூக்கு சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று தட்டிவிட்டவள், இவன் பேரைச் சொன்னால் சமையல்கட்டுக்குள் ஓடிப்போகிறாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் மறுத்தால் பெண்ணுக்குத்தான் ஏதோ குறை என்று ஊர் பேசும். சம்மதித்துவிட்டு, பிறகு அந்தக் கை யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்தால், போன வீட்டில் அவள் எப்படி வாழ்வாள்?

வியாழக்கிழமை அருங்காட்சியகத் திறப்பு. காணாமல்போனவர்களின் குடும்பங்களை முதலில் அழைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை பெண் கேட்பு.

படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மடித்துச் சட்டம் போடலாமா என்று சுஹாத் அம்மையாரிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. அவர் ஏன் என்று கேட்டதும் வெளிச்சம் சரியில்லை என்று உளறினேன். "அந்தக் கைதான் தம்பி இந்தப் படத்துலயே உயிரோட இருக்கு" என்று அவர் போய்விட்டார்.

மாமாவும் தன்னால் ஆனதைச் செய்தார். அகலமான தோல் பட்டையோடு ஒரு கடிகாரம் வாங்கி இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காபிக்குப் பதிலாக டீ கொடுத்துவிடலாமா என்று மாமியிடம் கேட்டார். "பெண் கேட்டு வர்றவங்களுக்கு டீயா? ஏன், அப்படியே ஹாரன் அடிச்சு வேன்லயும் ஏத்திவிடுங்களேன்" என்றார் மாமி. கடைசியில், நான் காபி ஊற்றுவது, "குடிங்க" என்று என் அப்பா சொல்வது என்று முடிவாயிற்று. மாமாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வியாழக்கிழமை ஹாஜி சாசிப் வந்தார். ஒல்லியான மனிதர், பழுப்பு நிற மேலங்கி, கையில் ஜபமாலை. நான் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேக்குக் கதவைப் பார்த்தார். நாற்காலியைக் கடந்தபோது, கயிறு கட்டித் தடுத்திருந்தும், தலை தானாகக் குனிந்தது. பின் அதை உணர்ந்தவர்போலச் சட்டென்று நிமிர்ந்து நாற்காலியை நேராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்துக்கு வந்தார்.

குனிந்த தலைகளில் தன்னுடையதைத் தேடுகிறாரோ என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வலது ஓரத்துக்கு நகர்ந்தார். அவருடைய வலது கை பக்கவாட்டிலிருந்து மெல்ல எழுந்து, ஒரு கிண்ணத்தை வாங்கும் உயரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

"இந்தப் பக்கம் படம் இன்னும் இருந்துச்சா, இல்ல இதோட முடிஞ்சுதா?"

"இதோட முடியுதுங்க, ஹாஜி."

"நல்ல இடத்துலதான் முடிச்சிருக்கான்." ஜபமாலையில் ஒரு மணி உருண்டது. "நீங்க மிஸ்பானோட அக்கா மகன்தானே? நாளைக்கு வர்றோம்னு சொல்லுங்க."

போய் அதை அப்படியே சொன்னேன். மாமா ஒவ்வொரு சொல்லையும் கேட்டு வாங்கினார். குரல் எப்படி இருந்தது? குரலில் ஒன்றும் தெரியவில்லை. முகம்? முகத்திலும். "வர்றோம்னா, எதுக்கு வர்றாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். வரவேற்பு அறையின் மூன்று சுவரோரமும் மெத்தைகள். ஒரு பக்கம் அவர்கள், நடுவில் ஹாஜி சாசிப், அவர் பக்கத்தில் பேச வந்த சையித், கோடியில் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு முஹன்னத். எதிரே எங்கள் ஆட்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்களின் வளையல் சத்தம்.

வெயிலைப் பற்றிப் பேசினார்கள், ஆற்றில் தண்ணீர் குறைந்ததைப் பற்றிப் பேசினார்கள். நான் கெண்டியோடு எழுந்தேன். கிண்ணத்தின் அடியில் ஒரு வாய் அளவு ஊற்றி ஹாஜியிடம் நீட்டினேன். அவருடைய கைகள் முழங்காலிலேயே இருந்தன.

"வீட்டுக்காரர் ஊத்தட்டும்" என்றார்.

என் அப்பா தொண்டைக்கட்டுக் கதையை ஆரம்பித்தார். ஊத்துறதுக்குத் தொண்டை எதுக்கு என்று சையித் சிரித்தார். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். ஹாஜி சிரிக்கவில்லை.

மாமா எழுந்து வந்தார். என் எதிரே நின்று, கடிகாரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார். கெண்டியை இடது கையில் வாங்கினார். சட்டைக் கை பின்னுக்குப் போனது. மூன்று புள்ளிகள், நடுவில் வாலோடு ஒன்று.

நான் ஊற்றியதைத் தாம்பாளத்தில் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றிக் குனிந்து நீட்டினார். ஹாஜி கிண்ணத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தார். வலது கையால் வாங்கினார். வாங்கிய கிண்ணத்தைத் தன் முன்னால் தரையில் வைத்தார்.

சையித் பேசினார். அல்லாஹ்வைப் புகழ்ந்து, இரண்டு குடும்பங்களையும் புகழ்ந்து, உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறோம், பதில் கிடைக்கும்வரை உங்கள் காபியைத் தொடமாட்டோம் என்று முடித்தார். என் அப்பா கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நீங்க இருங்க" என்றார் ஹாஜி. "வீட்டுக்காரர்தான் சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும்."

மாமா கெண்டியோடு நின்றிருந்தார்.

"அண்ணன் தாகிலுக்காக ஒரு தடவை இப்படிக் கிண்ணத்தை வச்சேன். தலை குனிஞ்சிருந்தேன். ஒரு கையைப் பார்த்தேன், ஒரு குரலைக் கேட்டேன். குடிச்சேன்." முஹன்னத் நிமிர்ந்தான். "நேத்து அந்தக் கையைச் சுவத்துல பார்த்தேன். குரலை இன்னும் கேட்கல."

மாமா சொன்னார்: "என்னோடதுதான், ஹாஜி."

சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் நின்றுபோனது.

"சொல்லச் சொல்லி யாராவது சொன்னாங்களா? என்னை வச்சு வேடிக்கை பார்க்க?"

"யாரும் சொல்லல."

"அப்ப, என் மேல பாவப்பட்டுச் சொன்னீங்க."

சையித் ஆமென்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். என் அப்பாவும் பார்த்தார். அந்தப் பதில் அங்கே தயாராக இருந்தது, எடுத்துக் கொடுத்தால் போதும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். மாமா கிண்ணத்தைப் பார்த்தார்.

"இல்ல, ஹாஜி. ஆறிப்போகுதேன்னு சொன்னேன்."

மாமாவே தொடர்ந்தார்.

"அடுத்த ஆளுக்கு ஊத்தணும். கிண்ணம் திரும்பி வரணும். அங்க போறதுக்கு முன்னாடி நான் ஒரு காபிக் கடையில இருந்தேன். ஆறுறதைப் பார்த்தா வாய் தானா சொல்லிடும். சொன்ன பிறகுதான் எந்த அறையில நிக்கிறேன்னு ஞாபகம் வந்துச்சு. அப்பவே தப்புன்னு சொல்லியிருக்கலாம். லுவை சிரிச்சதும் பயந்துட்டேன்."

"ஆறிப்போகுதேன்னு" என்றார் ஹாஜி. சொல்லைத் திருப்பிப் பார்ப்பவர்போல இன்னொருமுறை சொன்னார். "இத்தனை வருஷமும், என்னைக் கேலி பண்ணத்தான் அப்படிச் சொன்னாங்கன்னு படுத்துப் படுத்து எழுந்திருக்கேன். அந்தக் குரல் சிரிச்சுச்சா இல்லையான்னு ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். நான்தான் அவசரப்பட்டுக் குடிச்சேன்னும் நினைப்பேன்."

"சித்தப்பா" என்றான் முஹன்னத். போய்விடலாம் என்கிறானா, விட்டுவிடுங்கள் என்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. ஹாஜி கையை உயர்த்தினார், அவன் நிறுத்திக்கொண்டான்.

"நீ சொல்லு. போனது உன் வாப்பா. நாங்க எழுந்து போகட்டுமா?"

முஹன்னத் மாமாவின் மணிக்கட்டைப் பார்த்தான். "அவங்கதான் அவரைக் கொண்டுபோனாங்க" என்றான். "இவர் இல்ல." அப்புறம், சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "நீங்க பாக்தாதுக்குப் போயிருந்தாலும்…" என்று தொடங்கி முடிக்காமல் விட்டான். ஹாஜி கண்களை மூடித் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து சுவரில் டொக் டொக் என்று தட்டு விழுந்தது. நஷ்மியா மாமியின் குரல், நடுக்கத்தை மறைக்கப் பெரிதாக எழுந்தது: "என்ன, எல்லாரும் தூங்கிட்டீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஹாஜியின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. விரலால் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பவும் ஆறிக்கிட்டுதான் இருக்கு" என்றார். "இது யாரு வீடு, மிஸ்பான்?"

"என் வீடு."

"பக்கத்துல வேற நாற்காலி ஏதாவது இருக்கா?"

"இல்ல, ஹாஜி. மெத்தைதான்."

"அப்ப இந்தத் தடவை சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. சொன்னா மாறாதுல்ல?"

"மாறாது."

ஹாஜி காத்திருந்தார். மாமாவின் உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி அசைந்தது. நிறைய வருடம் பூட்டிக் கிடந்த தாழ்ப்பாளை இழுப்பது மாதிரி இருந்தது அவர் முகம்.

"குடிங்க" என்றார். பிறகு முழுதாக: "உங்க காபியைக் குடிங்க, ஹாஜி."

ஹாஜி சாசிப் அந்தக் குரலைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆமாம், இதுதான் என்பதுபோல. கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். எங்கள் பக்கத்தில் போதும் என்றால் காலிக் கிண்ணத்தை ஆட்டிக் கொடுப்பார்கள். அவர் ஆட்டவில்லை, அப்படியே நீட்டினார்.

மாமா மறுபடி ஊற்றினார். கெண்டியின் மூக்கிலிருந்து கொஞ்சம் ஹாஜியின் விரலில் சிந்தியது.

"இது சூடாத்தான் இருக்கு" என்றார் ஹாஜி. சம்மதத்தை உறுதியாக்கும் பாத்திஹாவை ஓத சையித் கைகளை ஏந்தினார்.